இருக்க முடியாத முக்கோணம்

செமாராங்
9 அக்டோபர் 1995

தம்பி துமிரானுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் அஞ்சலில் சேர்ப்பேனா என்று இந்த வரியை எழுதும்போது எனக்கு நிச்சயமில்லை. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட உங்களுக்கு உரிமை உண்டு. போடுவதற்கு முன் ரத்மியிடமாவது கொடுங்கள். அவள் என் தங்கை. முழுவதும் வாசித்துவிட்டுத்தான் திட்டுவாள்.

நீங்கள் என்னைக் காங் என்று அழைத்து, அண்ணன் என்று மதித்து, இருபத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. தவறு என்னுடையது. அது எவ்வளவு பெரியது என்பது சென்ற வாரம் வரை எனக்கே தெரியாது.

பெருநாளுக்கு ரத்மி அனுப்பிய அட்டையில் ஓரமாக எழுதியிருந்தாள்: "பின்கதவு சாத்த வரமாட்டேங்குதுண்ணா. இவரு மூணு தடவை இழைச்சுட்டாரு. மறுபடியும் இறுகிக்குது. ஊத்து வேற இடம் மாறிக் கோழிக்கூண்டுக்கு அடியில கசியுது." வாசித்தேன், அலமாரியில் வைத்தேன். ஏழு மாதம் அது அங்கேயே இருந்தது. சென்ற வாரம் என் பழைய நில அளவைக் குறிப்பேடுகளை ஆண்டுவாரியாக அடுக்கினேன். 1972 ஆம் ஆண்டு ஏட்டில் உங்கள் மலைச்சரிவின் முக்கோணம் இருந்தது. உரல்பாறை, மையவாடி மேடு, கிராம்பு மேடு. மூன்று புள்ளிகள்.

உரல்பாறையில் நின்று நீங்கள் அளந்த கோணம் 61 டிகிரி 12 நிமிடம். மையவாடியில் 61 டிகிரி 7 நிமிடம். உரல்பாறைக் கோணம்தான் பெரியது. ஆகவே அதற்கு எதிரே உள்ள பக்கம், மையவாடிக்கும் கிராம்பு மேட்டுக்கும் இடையிலுள்ளது, உரல்பாறைக்கும் கிராம்பு மேட்டுக்கும் இடையிலுள்ளதைவிட நீளமாக இருக்க வேண்டும். தூரம் அளக்கும் சங்கிலிக்காரர்கள் அளந்து வந்தபோது அது பதினான்கு சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது. மை போடுவதற்கு முன் கணக்கு அறையில் நாங்கள் பார்க்கும் கடைசிச் சோதனை அதுதான்: பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம், சிறியதற்கு எதிரே சிறியது. வரிசை பிசகினால் தாளைத் தலைவர் பாக் விதாக்தோவிடம் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அவர் ஏற்கெனவே அதில் முன்னொப்பம் போட்டிருந்தார். ஒரு பெரியவர் ஒப்பமிட்டதைத் திருப்பி நீட்டி அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நம் பக்கத்தில் அதை மரியாதை என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கோணங்களையும் இடம் மாற்றினேன். எல்லாம் பத்து சென்டிமீட்டருக்குள் பொருந்தியது. அவ்வளவு அழகாகப் பொருந்தியதால் என் திருத்தமே உண்மை என்று நம்பினேன். ஓரத்தில் எழுதினேன்: "அளவர் கோணங்களை இடம் மாற்றிப் பதிந்துள்ளார். திருத்தப்பட்டது." அந்த ஒரு வரியால் உங்கள் வேலை போனது.

இப்போது தேதிகளைப் பார்த்தேன். நீங்கள் கோணம் அளந்தது 1971 செப்டம்பர். பக்கங்கள் அளக்கப்பட்டது 1972 ஏப்ரல். நடுவே ஒரு மழைக்காலம். தாளில் மழைக்கு ஒரு கட்டம் இல்லை.

நீங்கள் சரியாகத்தான் அளந்தீர்கள். சங்கிலிக்காரர்களும் சரியாகத்தான் அளந்தார்கள். கிராம்பு மேடு நகர்ந்திருக்கிறது. அரை மீட்டர், உரல்பாறையை விட்டு விலகி, மையவாடிப் பக்கமாக.

உங்கள் வீடு அந்த மேட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. மேட்டில் எங்காவது விரிசல் இருக்கிறதா?

பிரமுஜி

—

வாத்துலெசுங் குடியிருப்பு
24 அக்டோபர் 1995

மதிப்புக்குரிய திரு. பிரமுஜி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. ரத்மி பிடுங்கிக்கொண்டாள்.

இங்கே என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று தங்களுக்குத் தெரியுமா? தலைகீழ் துமிரான். நான் கோணத்தை மாற்றி எழுதின கதை எனக்கு முன்னாலேயே மலை ஏறி வந்துவிட்டது. தொழுகைக்குப் போனால், "பாக், கிப்லா திசை அந்தப் பக்கம்தானே? நீங்க திருப்பிச் சொல்லிடாதீங்க" என்பான் மார்துகி, 'பாக்' என்ற மரியாதையை மட்டும் விடாமல். அவனுக்கு அது இருபது வருஷப் பழைய நகைச்சுவை. இன்னும் சிரிக்கிறான். பக்கத்துத் தோட்டக்காரன், கெட்டவன் இல்லை.

நான் அப்போதே சொன்னேன். "நான் ரெண்டு முறை பாத்தேன், கோணமானியைத் திருப்பி வச்சும் பாத்தேன், அதே அளவுதான்"னு தங்கள் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். தாங்கள் பென்சில் சீவிக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

தங்கள் தாள் சரியென்று முத்திரை விழுந்ததால்தான் இந்தச் சரிவை மனையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். முப்பத்து நான்கு வீடு. வேலை போன எனக்கும் ஒன்று கிடைத்தது. இப்போது நான் சரியாக அளந்தேன் என்று எழுதுகிறீர்கள். அந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! வந்த அன்றைக்கு அதோடு என் வீடும் சேர்ந்து போகும் என்கிறீர்கள். இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா?

ரத்மி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கண்ணன் பயந்தாங்கொள்ளி. எங்கம்மா கோழி அறுக்கும்போது கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்ச ஆளு. அந்த ஆளே வாயத் திறந்து ஒண்ணு சொல்றாருன்னா, விஷயம் பெருசா இருக்கணும். போய்ப் பாத்துட்டு வாங்க."

போனேன். கிராம்பு மரங்களுக்குப் பின்னால் ஒரு விரிசல் இருக்கிறது. இரண்டு விரல் உள்ளே போகும். சலாக் பழக்கன்று நட வேர் தோண்டினதால் வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

துமிரான்

—

செமாராங்
30 அக்டோபர் 1995

தம்பி துமிரானுக்கு,

பென்சில் சீவினது உண்மைதான். அது கூர்மையாகவே இருந்தது.

சலாக் வேரினால் வந்த விரிசலா இல்லையா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நான் தவறாக நினைக்கிறேனோ என்ற சந்தேகமும் விடவில்லை. அதனால் நீங்களே அளந்து பாருங்கள். கோணமானி வேண்டாம். உங்களிடம் பழைய நாடா இருக்கும் என்று நினைக்கிறேன். அதை எறிகிறவர் நீங்கள் இல்லை.

மூன்று முளைகள் அடியுங்கள். முதலாவது விரிசலுக்கு மேலே, வெட்டின கிராம்பு மரம் ஏதாவது இருந்தால் அதன் அடிக்கட்டையில். மூன்றாவது நேர் கீழே ஒரு இருபது மீட்டரில், மார்துகியின் முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தாலும். இரண்டாவது நடுவில், ஆனால் நேர்கோட்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி. மூன்றுக்கும் இடையிலுள்ள மூன்று தூரங்களையும் அளந்து எழுதுங்கள். மிகத் தட்டையான ஒரு முக்கோணம் கிடைக்கும். சந்தை நாள்தோறும் திரும்ப அளந்தால் போதும்.

ஏன் இவ்வளவு தட்டையாக என்று கேட்பீர்கள். எந்த முக்கோணத்திலும் இரண்டு பக்கங்கள் சேர்ந்தால் மூன்றாவதைவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். தட்டையான முக்கோணத்தில் அந்த வித்தியாசம் மயிரிழைதான். நிலம் கொஞ்சம் நகர்ந்தாலும் அளவில் தெரிந்துவிடும்.

ரத்மிக்குச் சொல்லுங்கள்: கட்டில் இல்லை, நெல் குதிர்.

பிரமுஜி

—

வாத்துலெசுங் குடியிருப்பு
17 நவம்பர் 1995

திரு. பிரமுஜி அவர்களுக்கு,

அளந்தேன். அளந்ததை எழுதவே கூசுகிறது.

முதல் முளையிலிருந்து இரண்டாவதுக்கு 11.40 மீட்டர். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு 8.60. கூட்டினால் சரியாக இருபது. முதலிலிருந்து மூன்றாவதுக்கு நேராக அளந்தால் 20.09 வருகிறது.

இரண்டும் சேர்ந்து மூன்றாவதைவிட ஒன்பது சென்டிமீட்டர் குறைச்சல். அப்படி ஒரு முக்கோணம் உலகத்தில் கிடையாது என்று எனக்கும் தெரியும். நாடா சரிதான், ரத்மியின் தையல் நாடாவோடு ஒத்துப் பார்த்தேன். மார்துகி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "என்ன பாக், இந்த வயசுல மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்க? இந்தத் தடவை எதைத் தலைகீழாப் போட்டீங்க?" என்றான். நான் நாடாவைச் சுருட்டினேன். அவன் அம்மா உள்ளேயிருந்து, "வயசான மனுசனைச் சும்மா விடுடா" என்று சத்தம் போட்டாள்.

என் கண் போய்விட்டது என்று நினைக்கிறேன். அன்றைக்கும் நான்தான் தப்பாகப் பார்த்தேனோ என்னவோ. தாங்கள் எழுதின அந்த ஓர வரியே சரியாக இருக்கலாம். இருபத்து மூன்று வருஷம் உங்களோடு பேசாமல் இருந்தது என் வீம்பாகவும் இருக்கலாம். இந்த அளவுகளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஒரு தகவலுக்காக: முதல் இரண்டு பக்கமும் 10ஆம் தேதி காலையில் அளந்தேன், ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் பொன் சந்தை நாள். மூன்றாவது அளக்கக் கயிறு மறுபடியும் மார்துகி முற்றத்துக்குக் குறுக்கே போகணும். அதற்குள் அவன் அப்பா இறந்த ஆயிரமாவது நாள் விருந்துக்கு ஓத ஆரம்பித்துவிட்டார்கள். ஓதுகிற வீட்டு முற்றத்தில் கயிறு கட்டக் கூடாது என்பது இங்கே வழக்கம். அடுத்த பொன் நாள், 15ஆம் தேதி, அளந்தேன்.

துமிரான்

—

செமாராங்
22 நவம்பர் 1995

தம்பி துமிரானுக்கு,

கிழிக்கவில்லை. ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

தகவலுக்காக என்று கடைசியில் நீங்கள் எழுதிய தேதிகள்தான் முழு விஷயமும். பத்தாம் தேதி அந்த நிலத்தில் ஒரு முக்கோணம் இருந்தது. பதினைந்தாம் தேதி வேறொரு முக்கோணம் இருந்தது. முதலாவதிலிருந்து இரண்டு பக்கத்தையும் இரண்டாவதிலிருந்து ஒரு பக்கத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்ததால்தான் இருக்க முடியாத ஒன்று வந்தது. நடுவிலுள்ள ஐந்து நாளில் உங்கள் இரண்டாவது முளையும் மூன்றாவது முளையும் சேர்ந்து கீழே நகர்ந்திருக்கின்றன. குறைந்தது ஒன்பது சென்டிமீட்டர்.

அன்று அரை மீட்டர் நகர ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. இன்று ஐந்து நாளில் ஒன்பது. இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை இன்னும் முழுதாகத் தொடங்கவேயில்லை.

இன்னொரு முறை அளங்கள். மூன்று பக்கமும் ஒரே நாளில், மார்துகி என்ன சொன்னாலும். அந்த எண்களைத் துணைவட்டார அலுவலகத்தில் கொடுங்கள். வரும் திங்கட்கிழமை நான் என் குறிப்பேட்டோடு இங்குள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகிறேன். கோணங்களை மாற்றியது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

போய்விடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிரமுஜி

—

வாத்துலெசுங் குடியிருப்பு
6 டிசம்பர் 1995

திரு. பிரமுஜி அவர்களுக்கு,

தாங்கள் திங்கட்கிழமை போகவில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. துணைவட்டார அலுவலகத்தில் நடந்ததை வைத்தே தெரிந்துகொண்டேன்.

போன மாதம் 30ஆம் தேதி மூன்று பக்கமும் ஒரே நாளில் அளந்தேன். நேற்று மறுபடியும். பத்தாம் தேதி அளந்தபோது முதல் முளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 11.40. இப்போது 11.78. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மட்டும் அதே 8.60. மேலே இருக்கிற மண் அப்படியே நிற்கிறது. கீழே இருக்கிறது மொத்தமாக இறங்குகிறது, நாங்கள் எல்லோரும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம். விரிசலுக்குள் இப்போது கை போகும். கோழிக்கூண்டு ஊற்று கலங்கி வருகிறது.

அலுவலகத்தில் ஒரு இளைஞர், மரியாதையான பையன், எண்களை வாசித்தார். உள்ளே போய் எங்கள் குடியிருப்பின் கோப்பை எடுத்துவந்தார். புரட்டினார். ஓர வரியில் விரல் வைத்து நின்றார்.

"பாக் துமிரான்கறது நீங்கதானே?"

"ஆமா."

"இங்க ஒரு குறிப்பு இருக்கு பாக்." அவருக்கே சொல்லக் கூச்சம். "உங்க அளவு முன்னாடி ஒரு தடவை... திருத்த வேண்டியிருந்திருக்கு."

"அதைத் திருத்தினவர் வந்து சொல்வார். திங்கட்கிழமை போனாரே, செமாராங்லேர்ந்து உங்களுக்குத் தகவல் வரலையா?"

"ஒண்ணும் வரலையே பாக்."

டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். வழி முழுக்க மழை.

ரத்மி தங்களுக்கு எழுதச் சொன்னது: "குதிரோ கட்டிலோ, வெளிய வாண்ணா. எல்லாரும் செத்த பிறகு வெளிய வந்து என்ன பண்ணப் போற?"

துமிரான்

—

செமாராங்
13 டிசம்பர் 1995

தம்பி துமிரானுக்கு,

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எதையும் இடம் மாற்றவில்லை.

நவம்பர் 27, திங்கட்கிழமை, அலுவலக வாசல் வரை போனேன். பெயர்ப்பலகையைப் பார்த்தேன். இப்போதைய தலைவர் பாக் விதாக்தோவின் மருமகன். திரும்பிவிட்டேன். 29ஆம் தேதி உள்ளேயே போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார். மாமனார் காலமானதைச் சொன்னார், என் மூட்டுவலியை விசாரித்தார், வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு வரவழைத்தார். ஒரு மணி நேரம் பேசினோம். குறிப்பேடு என் மடியிலேயே இருந்தது. வெளியே வந்தபின்தான் நான் வந்த காரியம் நினைவுக்கு வந்ததுபோல் எனக்கே நடித்துக்கொண்டேன். அதன்பின் பன்னிரண்டு நாள் வீட்டை விட்டு நகரவில்லை.

உங்கள் கடிதம் 11ஆம் தேதி காலையில் வந்தது. ரத்மி சொன்னதை வாசித்துவிட்டுச் சட்டையை மாற்றாமலே போனேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் மறுபடியும் கிழங்கு வந்துவிடும் என்று பயம்.

அவர் கோபப்படவில்லை. "எதுக்கு பாக் இத்தனை வருஷம் கழிச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்கறீங்க? மாமா இருந்திருந்தா இதைக் கேட்டு வருத்தப்பட்டிருப்பாரு" என்றார். பிறகு, "சரி, மழை விட்டதும், மே மாசம் ஒரு குழுவை அனுப்பறேன்" என்றார்.

நான் மே வரை காத்திருக்க முடியாது என்றேன். என் குரல் அப்படி எழுந்ததை நானே அதற்குமுன் கேட்டதில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் என் வாக்குமூலத்தில் பெற்றுக்கொண்டதாக முத்திரை போட்டுத் தந்தார். அதற்கு மேல் எதுவும் இல்லை. உங்களை வெளியேற்ற உத்தரவு எதுவும் வராது.

எனவே முத்திரை போட்ட நகலை உங்களுக்கே அனுப்புகிறேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது. கோணங்களை நான் மாற்றினேன், துமிரான் சரியாக அளந்தார், மேடு அன்றிலிருந்தே நகர்கிறது என்று மூன்று பத்தி. குடியிருப்பில் எல்லோரையும் கூட்டி வாசியுங்கள். என்னைப் பற்றி அவர்கள் என்ன சொன்னாலும் தடுக்காதீர்கள்.

பன்னிரண்டு நாள். அதில் மேடு எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட முயன்றேன். கணக்கு வருகிறது. எழுத முடியவில்லை.

பிரமுஜி

—

பள்ளிக்கூடம், மையவாடி மேடு
27 டிசம்பர் 1995

காங் பிரமுஜிக்கு,

ஆமாம், காங் என்று எழுதிவிட்டேன். கை தானாக எழுதிவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் யாரும் எழுந்து போவதற்குள் பள்ளிவாசல் முற்றத்தில் மரமுரசைத் தட்டச் சொன்னேன். பெண்களும் வந்தார்கள். உங்கள் தாளை வாசித்தேன். "துமிரான் சரியாக அளந்தார்" என்ற இடத்தில் என் குரல் கெட்டுப்போனது. ரத்மி தாளை வாங்கி மீதியை வாசித்தாள். அவளுக்குக் குரல் நன்றாகவே இருந்தது. ஊருக்கே கேட்டது.

குடியிருப்புத் தலைவர்தான் முதலில் கேட்டார்: "அப்போ இத்தனை வருஷமா நாம இவரைத் தலைகீழ்னு கூப்பிட்டதெல்லாம்?"

"அதை விடுங்க. விரிசல்ல வந்து கையை விட்டுப் பாருங்க" என்றேன்.

எல்லோரும் வந்தார்கள். கையை விட வேண்டியிருக்கவில்லை. ஒரு கோழி உள்ளே விழுந்து கத்திக்கொண்டிருந்தது.

முப்பத்து நான்கு வீட்டில் முப்பத்திரண்டு வீடு மையவாடி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டோம். விடுமுறை என்பதால் இடம் இருக்கிறது. ஆடு, அரிசி, கதவுகள். ஆமாம், கதவையும் சிலர் கழற்றிக்கொண்டு வந்தார்கள். நான் என் பின்கதவைக் கொண்டுவரவில்லை. போதும் அதை இழைத்தது.

மார்துகியும் அவன் தம்பியும் வரவில்லை. மார்துகி சொன்னதை உங்களிடம் மறைக்க நினைத்தேன். நீங்கள் எதையும் இடம் மாற்றாமல் எழுதியதால் நானும் எழுதுகிறேன்.

"உங்க மச்சான் ஒரு தடவை பொய் எழுதி முத்திரை வாங்கினாரு. அது தாள். இப்போ வேற மாதிரி எழுதி முத்திரை வாங்கியிருக்காரு. இதுவும் தாள். அவர் அன்னிக்கு எழுதினதை நம்பித்தான் நாங்க இங்க வீடு கட்டினோம். இன்னிக்கு எழுதறதை நம்பி விட்டுட்டு ஓடணுமா? நாளைக்கு மனசு மாறினா மூணாவது தாள் வருமா?"

அவன் சலாக் காய்த்துத் தொங்குகிறது, பறிக்கிற நேரம். அவன் அம்மா நடக்க மாட்டாள். தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று நாலு பேர் போனோம். கிழவியே வேண்டாம் என்றாள். "என் புருசன் ஆயிரம் நாள்தான் முடிஞ்சிருக்கு, அதுக்குள்ள வீட்டைப் பூட்டக் கூடாது" என்றாள்.

திங்கட்கிழமை, பொன் நாள், அளந்தேன். முதல் முளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 12.61.

துமிரான்

—

பள்ளிக்கூடம், மையவாடி மேடு
13 ஜனவரி 1996

காங்,

வானொலியில் கேட்டிருப்பீர்கள். மாவட்டத்தின் பெயர் மட்டும் சொல்லியிருப்பார்கள். எங்கள் பெயர் சொல்லும் அளவுக்குப் பெரிய இடம் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நானும் ரத்மியும் நன்றாக இருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. அன்று மழைகூட இல்லை. வெயில் அடித்தது. நான் அளக்கப் புறப்பட்டு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தேன். ரத்மி அதை எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். அதற்காக அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது பள்ளிக்கூடத்து ஜன்னல் எல்லாம் நடுங்கியது. வெளியே ஓடினோம். இந்த மேட்டிலிருந்து அந்த மேடு நேராகத் தெரியும். நான் எத்தனை முறை இங்கே நின்று கோணமானியை அதன் மேல் வைத்திருக்கிறேன்! கிராம்பு மரங்கள் நின்றபடியே கீழே நடந்து போயின. சாயக்கூட இல்லை. வீடுகளும் அதோடு போயின. முப்பத்து நான்கும். எண்ணி முடிப்பதற்குள் புழுதி வந்து மூடிவிட்டது.

முக்கோணத்தில் இப்போது இரண்டு புள்ளிதான் இருக்கிறது.

மார்துகியின் அம்மா, மனைவி, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை. ஐந்து பேர். மூன்று பேரின் உடல்தான் கிடைத்தது. மார்துகி பொன் சந்தைக்குச் சலாக் விற்கப் போயிருந்தான். மத்தியானம் வெறுங்கூடையோடு வந்தான்.

முந்தாநாள் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சிகரெட் கேட்டான், கொடுத்தேன். பற்றவைக்கவில்லை.

"உங்க மச்சான் மொத தடவையே நெசத்தை எழுதியிருந்தாருன்னா," என்றான், "ரெண்டாவது தடவை நான் நம்பியிருப்பேன்ல?"

சண்டைக்குக் கேட்கவில்லை காங். கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டான். சரியா இல்லையா என்று என் முகத்தைப் பார்த்தான்.

முப்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அது உங்கள் தாளால்தான். அதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், மார்துகியிடமும் சொன்னேன். உங்களைக் குத்த இதை எழுதவில்லை. ஆனால் அவன் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு நாளாக விடவில்லை. கேட்டுவிடுகிறேன்.

நீங்கள் அந்தக் கணக்கு அறையில் பதினேழு வருஷம் இருந்தீர்கள். வரிசை பிசகின தாள் இது ஒன்றுதானா?

துமிரான்

—

செமாராங்
20 ஜனவரி 1996

தம்பி துமிரானுக்கு,

உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுதவில்லை. பயத்தால் இல்லை. பதினேழு வருடத்துக் குறிப்பேடுகளையும் முதல் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. நான் திருத்தினவற்றில் மூல அளவைப் பென்சிலில் ஓரத்தில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. ஏன் எழுதிவைத்தேன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் ஒழுங்குக்காக என்று சொல்லியிருப்பேன்.

உங்களுடையதைத் தவிர ஏழு.

ஏழிலும் கோணம் ஒரு பருவத்திலும் பக்கம் அடுத்த பருவத்திலும் அளக்கப்பட்டிருக்கின்றன. ஏழிலும் பெரிய கோணத்துக்கு எதிரே சிறிய பக்கம் இருந்திருக்கிறது. ஏழையும் நான் பொருத்தமாக்கியிருக்கிறேன். சிலவற்றில் அளவர்கள் உண்மையாகவே தவறியிருக்கலாம். எந்தச் சிலவற்றில் என்று தெரியாது. இரண்டு இடங்கள் சமவெளி. ஐந்து மலைச்சரிவு. ஐந்திலும் இப்போது வீடுகள் இருக்கின்றன. நேற்று வரைபடம் வாங்கிப் பார்த்தேன். ஓரிடத்தில் சந்தையே இருக்கிறது.

அலுவலகத்துக்கும் பட்டியல் கொடுத்துவிட்டேன். இந்த முறை பெற்றுக்கொண்டவர் மே மாதம் என்று சொல்லவில்லை. எதுவும் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு ஊர்த் தலைவருக்கும் நானே எழுதுகிறேன். மார்துகி கேட்டதை அவர்களும் கேட்பார்கள். அவர் கேட்டது சரி என்று அவரிடம் சொல்லுங்கள். வேறு பதில் என்னிடம் இல்லை. அதனால் அவர்களிடம் என்னை நம்பச் சொல்லவில்லை. மூன்று முளை அடித்து, ஐந்து நாள் விட்டு, அவர்களையே அளக்கச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் அன்று அளந்தவரின் பெயர். இரண்டாவது வரியில், அவர் அளந்ததை மாற்றியவன் நான். உங்கள் தாளின் ஓர வரியையும் அலுவலக ஏட்டில் மையால் அடித்து, மேலே எழுதி ஒப்பமிட்டேன்: "அளவர் துமிரான். அளவு சரி."

ஒவ்வொரு எண்ணையும் ஏட்டோடு ஒத்துப் பார்த்து எழுதுவதால் ஒரு நாளைக்கு ஒரு கடிதம்தான் முடிகிறது. முதலாவதை இன்று காலை அஞ்சலில் சேர்த்தேன். இன்னும் ஆறு இருக்கின்றன. மழை மார்ச் வரை பெய்யும்.

காங்